பெயிண்ட் டின்னைத் திறக்கும் முன்

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது சுண்ணாம்புக் காலத்து ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் மார்கழிக் கடைசியிலும் உள்ளுக்குள் ஈரமாகத்தான் இருக்கும். சுண்ணாம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு இறுகுகிற பொருள் அது. அதற்குச் சிறிது ஈரம் தேவையும்கூட. இறுகிய பிறகும் சுவரின் ஈரம் அதன் வழியாக ஆவியாகிப் போய்விடும்.

எமல்ஷன் பெயிண்ட் அப்படி இல்லை. சுவர்மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் அது. ஈரமான சுவரில் அதை அடித்தால், வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற வழி தேடும். போதிய வழி கிடைக்காத இடத்தில் படலத்தைத் தள்ளிக் கொப்புளமாக்கும். தை மாதம் பளிச்சென்று இருந்த சுவர் சித்திரையில் உரிவதற்குப் பெயிண்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. பழைய காலண்டரில் புதுப் பொருளை அடித்ததுதான் காரணம்.

ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிற தமிழ்நாட்டில், வீட்டுக்குள் தாமாகவே பெயிண்ட் அடிக்க நினைப்பவர்களுக்கு மாசியும் பங்குனியும் நல்ல மாதங்கள். சுவர் காய்ந்திருக்கும், அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் நாள் இருக்கும். தென்மேற்குப் பருவமழையும் பெறுகிற கன்னியாகுமரி, நீலகிரிப் பக்கம் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். பொங்கலுக்கு அடித்தே தீர வேண்டும் என்றால், மழை நேரடியாக அறையாத உள்சுவர்கள் இருக்கும் அறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் மழை வாங்கிய சுவர்கள் காத்திருக்கட்டும்.

இந்த வேலையில் ரோலர் பிடிப்பது எளிய பகுதி, ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும். மற்றதெல்லாம் டின்னைத் திறப்பதற்கு முன்னால் முடிவாகிறது. பெயிண்ட் கடைக்குப் போகுமுன் சுவரைப் பார்க்க வேண்டும். சுவரைப் பார்ப்பது என்றால், முதலில் தண்ணீரைப் பார்ப்பது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

கறை இருக்கும் இடமே பாதி விடையைச் சொல்லிவிடும். கூரையும் சுவரும் சேரும் மூலையில் மஞ்சள் வளையமாக இருந்தால் மொட்டை மாடியைப் பாருங்கள், குறிப்பாகக் கைப்பிடிச் சுவரின் அடியையும் மழைநீர்க் குழாயின் வாயையும். ஜன்னலுக்குக் கீழே மட்டும் பொரிந்திருந்தால், ஜன்னலின் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிவதற்குப் பதிலாக உள்பக்கம் சரிந்திருக்கும், அல்லது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சந்து விட்டிருக்கும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு, அறையைச் சுற்றி ஒரே பட்டையாகப் பூச்சு உதிர்ந்து உப்புப் பூத்திருந்தால் அது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். குளியலறைக்கு மறுபக்கச் சுவரில் இடுப்புக்குக் கீழே திட்டாக இருந்தால் சந்தேகம் மூன்று: டைல் இடுக்கு, குளியலறைத் தரை, சுவருக்குள் புதைத்த குழாய்.

இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்கச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். ஃபிளஷ் டேங்க் கசிவது இந்தச் சோதனையைக் குழப்பிவிடும் என்பதால் அதற்குப் போகும் வால்வையும் மூடிவிட வேண்டும். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குழாயில்தான் கோளாறு. இறங்கவில்லை என்றால், குளியலறையின் வடிகால் வாயைப் பிளாஸ்டிக் பையும் துணியும் திணித்து அடைத்து, ஒரு அங்குலத்துக்குத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். அதற்குமுன் மறுபக்கக் கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். கறை கோட்டைத் தாண்டினால் தரை. அதுவும் இல்லாமல், குளித்து முடித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் சுவர் டைல் இடுக்குகள். டைல் இடுக்கைச் சுரண்டி எபாக்ஸி கிரவுட் நிரப்புவது வீட்டிலேயே முடிகிற வேலை. மற்ற இரண்டுக்கும் பிளம்பரும் கொத்தனாரும் வேண்டும். அவர்கள் வேலை முடிந்து, புதிதாகப் பூசிய இடம் குறைந்தது 28 நாள் ஆறிய பிறகுதான் உங்கள் வேலை தொடங்கும். புதுச் சிமென்ட் பூச்சில் காரம் அதிகம். அவசரப்பட்டால் அது பெயிண்டை அரிக்கும், நிறத்தை வெளுக்கும், மேலே உப்பையும் கொண்டுவரும்.

பார்வைக்குக் காய்ந்திருக்கும் சுவர் நிஜமாகவே காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாள் போதும். நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்துவைத்தால் தீரும். அறைக்கு இரண்டு இடத்தில் செய்யுங்கள், அதில் ஒன்று தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில்.

அடியிலிருந்து ஏறும் ஓதத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஓதத்தைத் தடுக்கும் என்று உள்சுவருக்கு விற்கிற பூச்சுகள் அதை நிறுத்துவதில்லை, சில காலம் மறைக்கின்றன. முன்பக்கம் அடைபட்ட ஈரம் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற கோட்டுக்கு மேல் வெளிவரும். ஓதத்தைச் சுவரின் அடியிலேயே தடுக்கிற வேலை தனி, செலவும் தனி. அதைச் செய்ய வசதி இல்லாதபோது அந்த அடிப்பட்டைக்கு எமல்ஷனை விட்டுவிட்டுச் சுண்ணாம்பே அடிப்பதுதான் என் கட்சி. வருடா வருடம் உதிரும், வருடா வருடம் அடிக்கலாம். படலமாக உரிந்து தொங்காது.

உப்புப் பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது எல்லாரும் செய்கிற காரியம். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும், காய்ந்ததும் திரும்ப வரும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததைத் தாளில் பிடித்து வெளியே போட்டுவிடுங்கள். கறுப்புப் புள்ளியாகப் படரும் பூஞ்சை வேறு கதை. அதைக் கொன்ற பிறகே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பெயிண்ட் மேலேயே முளைக்கும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரைத் தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குளியலறை கழுவ வைத்திருக்கும் ஆசிட்டை எந்தக் காரணத்துக்காகவும் இதோடு சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

விரிசல், கம்பி, ஈயம்

தலைமுடி அளவு விரிசல்கள் பூச்சு காயும்போது வந்தவை. சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியில் மறைந்துவிடும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் விரிசல் வேறு ரகம். கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. எனவே வெறும் பட்டியை அடைத்தால் அடுத்த கோடைக்குள் அதே கோடு திரும்ப வரும். அதை வி வடிவத்தில் அரை அங்குலம் அகலம் திறந்து, தூசியை ஊதித் தள்ளி, நெகிழ்வுத்தன்மையுள்ள கிராக் ஃபில்லரை நிரப்பி, மேலே ஃபைபர் மெஷ் நாடாவை ஒட்டி, அதற்கும் மேலேதான் பட்டி.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், சுவரின் இரு பக்கமும் தெரியும் விரிசல், ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு உள்ளே நுழைகிற விரிசல் ஆகியவற்றை நீங்கள் அடைக்கக் கூடாது. இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில மாதத்தில் கோட்டைத் தாண்டினால் என்ஜினீயரைக் கூப்பிடுங்கள். கூரைக் கான்கிரீட் பழுப்புக் கறையோடு உப்பியிருந்தாலோ, தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்டாலோ உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் பட்டி பார்ப்பது வியாதியை மூடிவைப்பது. ஒரு நாள் துண்டாகத் தலையில் விழும்.

பழைய வீடுகளில் கதவு, ஜன்னல், கிரில்லில் இருக்கும் எனாமல் என்கிற எண்ணெய்ப் பெயிண்டைச் சுரண்டுமுன் வீட்டின் வயதை யோசியுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வந்தது, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் அறை முழுவதும் பறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற விஷம் அது. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து ஈரமாகவே தேயுங்கள், என்95 தர முகக்கவசம் அணியுங்கள், தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடிந்து தரையைக் கழுவும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம். தீ காட்டி எனாமலை உரிப்பது இதைவிட மோசம்.

ஏற்கெனவே சுவரில் என்ன இருக்கிறது

புதுப் பெயிண்ட் சுவரில் ஒட்டுவதில்லை, பழைய பெயிண்டில்தான் ஒட்டுகிறது. எனவே பழையது எவ்வளவு பிடிப்போடு இருக்கிறதோ அவ்வளவுதான் புதியதன் ஆயுள். ஈரத்துணியால் அழுத்தித் தேயுங்கள். துணியில் வெள்ளையாக ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது மாவாக ஒட்டும் மலிவு ரகப் பெயிண்டான டிஸ்டெம்பர். அதன்மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால், அடித்த சில மாதத்தில் படலம் டிஸ்டெம்பரையும் சேர்த்துக்கொண்டு தாளைப்போல் கழன்றுவரும். சுரண்டி எடுத்தாக வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. சுவரை நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் தகடு சுலபமாக ஓடும், தூசியும் பறக்காது.

துணியில் ஒன்றும் ஒட்டவில்லை, பளபளப்பாக இருக்கிறது என்றால் பழைய எமல்ஷன் அல்லது எனாமல். பிளேடால் சின்னதாகப் பெருக்கல் குறிபோலக் கீறி, அதன்மேல் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டுங்கள். வரவில்லை என்றால் பாதி வேலை மிச்சம்: சோப்புத் தண்ணீரில் கழுவி, 180 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகிற அளவுக்குத் தேய்த்து, தூசி துடைத்தால் போதும், முழுப் பட்டியும் தேவைப்படாது. சமையலறையில் மட்டும் சோப்பு போதாது. தாளிப்புப் புகையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கின்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது என்பதால், சலவை சோடா கரைத்த வெந்நீரில் இருமுறை கழுவி, பிறகு வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

கணக்கு

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி, உயரத்தால் பெருக்கினால் சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. 3-க்கு 7 கதவுக்கு 21, 4-க்கு 4 ஜன்னலுக்கு 16 கழித்தால் 403. கூரை 120. ஆக மொத்தம் 523 சதுர அடி. பரண் இருந்தால் அதன் அடிப்பக்கத்தையும் முகப்பையும் தனியாகச் சேருங்கள், அது மறந்துபோகிற இடம்.

எமல்ஷன் டின்னில் ஒரு லிட்டருக்கு இவ்வளவு சதுர அடி என்று போட்டிருப்பது நன்றாகப் பட்டி பார்த்த வழவழப்பான சுவரில், பழகிய கை அடித்தால் கிடைப்பது. முதல்முறை அடிப்பவர் இரண்டு கோட்டுக்கும் (ஒரு கோட் என்றால் ஒரு முறை முழுக்க அடிப்பது) சேர்த்து லிட்டருக்கு 110 முதல் 120 சதுர அடி என்று கணக்கிட்டால் நடுவழியில் மாட்டமாட்டார். அப்படியானால் சுவருக்கு மூன்றரை லிட்டர் சொச்சம்: 4 லிட்டர் டின் ஒன்று. கூரைக்கு வெள்ளை ஒரு லிட்டர் இழுபறி, இன்னொரு லிட்டர் கையிருப்பு வேண்டும். எமல்ஷனுக்கு அடியில் அடிக்கும் பிரைமர் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி வைத்தால் ஐந்தேகால் லிட்டர்: 4 லிட்டர் டின் ஒன்று, 1 லிட்டர் டின் இரண்டு. பட்டிதான் ஆட்களைத் திகைக்கவைக்கும். ஒயிட் சிமென்ட் பட்டி இரண்டு கோட்டுக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 சதுர அடிதான் வரும். முழு அறைக்கும் பட்டி பார்ப்பதென்றால், நடுவாக 12 என்று வைத்து, 40 கிலோ மூட்டை ஒன்றோடு கூடுதலாக ஒரு 5 கிலோ. பழைய எமல்ஷன் நல்ல நிலையில் இருந்து, ஆணித்துளைகளையும் சிராய்ப்புகளையும் மட்டும் அடைப்பதென்றால் இரண்டு கிலோ அக்ரிலிக் பட்டியில் முடிந்துவிடும். சுவரைப் பார்க்காமல் கடைக்குப் போகக் கூடாது என்பது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

ஷேடு கலந்த பெயிண்டை ஒரே நேரத்தில், ஒரே கடையில், தேவையான அத்தனையும் வாங்கிவிடுங்கள். இரண்டு டின் என்றால் பெரிய பக்கெட்டில் ஒன்றாக ஊற்றிக் கலக்கி, அதிலிருந்து எடுத்து அடியுங்கள். கலவை மெஷினே கலந்தாலும் டின்னுக்கு டின் மயிரிழை வித்தியாசம் வரலாம், சுவரின் நடுவில் அது கோடாகத் தெரியும். மூடியில் ஒட்டியிருக்கும் ஷேடு எண்ணைப் படமெடுத்து வையுங்கள். சில டின்களிலும் பட்டி மூட்டைகளிலும் பெயிண்டர்களுக்கென்று டோக்கன் போட்டிருப்பார்கள். கலக்குமுன் எடுத்துவிடுங்கள், ரோலரில் சிக்கிச் சுவரில் கீறல் போடும்.

ஷேடு கார்டில் தீப்பெட்டி அளவில் பார்க்கும் நிறம் நாலு சுவரிலும் ஏறும்போது ஒரு படி அடர்த்தியாகத் தெரியும். சின்ன அளவில் வாங்கி, பிரைமர் அடித்த சுவரில் இரண்டடிச் சதுரமாக இரண்டு இடத்தில் அடித்து, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். பளபளப்பு விஷயத்தில் தயக்கமே வேண்டாம்: முதல்முறை என்றால் பளபளப்பில்லாத மேட் ரகம். ஷீன் ரகங்கள் பட்டியின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் விளக்குப் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

கருவிகளில் இரண்டு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒன்று ரோலர்: 9 அங்குலம் ஒன்று, மூலைக்கும் கதவோரத்துக்கும் 4 அங்குலம் ஒன்று. மலிவான ரோலர் பஞ்சு உதிர்த்துச் சுவரை நாசமாக்கும். இன்னொன்று ஓரம் பிடிக்கிற 2 அங்குல பிரஷ். மற்றபடி 4 மற்றும் 8 அங்குலத்தில் பட்டித் தகடுகள், 80, 180, 320 எண்களில் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், ரோலரில் மாட்டும் நாலடிக் கம்பு. கம்பு இருந்தால் பத்தடிக் கூரையைத் தரையில் நின்றபடியே முடித்துவிடலாம், ஏணி ஓரம் பிடிக்க மட்டும் தேவைப்படும். ஸ்டூலை நாற்காலி மேல் வைத்து ஏறுகிற பழக்கம் வேண்டாம்.

அறையைத் தயார்செய்வது

பீரோவையும் கட்டிலையும் அடுத்த அறைக்கு நகர்த்த முடியாவிட்டால் நடுவில் ஒன்றுசேர்த்து மூடுங்கள். சுவரோரம் மூன்றடியாவது நடக்கக் கிடைக்க வேண்டும். செய்தித்தாளை விரிப்பது வழக்கம்தான். ஆனால் காலடியில் கிழிந்து, ஈரத்தில் ஊறி, மொசைக்கில் மையோடு ஒட்டிக்கொள்ளும். கிழிந்த ஃப்ளெக்ஸ் பேனர் கிடைத்தால் அதைவிட நல்ல விரிப்பு இல்லை. அச்சிட்ட பக்கத்தைக் கீழே போட்டு, மேலே பழைய போர்வையை விரித்தால் வழுக்காது, சொட்டும் உறிஞ்சிக்கொள்ளும்.

மின்விசிறி இறக்கைகளை உறைபோட்டுக் கட்டிவிடுங்கள், பட்டித் தூசி மோட்டாருக்குள் போகக் கூடாது. சுவிட்ச் பலகைகளின் முகப்பைக் கழற்றுமுன் அந்த அறைக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கி, டெஸ்டர் வைத்து ஒவ்வொரு முனையையும் பாருங்கள். பழைய வீடுகளில் ஒரே அறைக்கு இரண்டு எம்சிபியிலிருந்து லைன் வந்திருப்பது சகஜம். சுவரை நனைக்கிற நாளன்று மெயினையே அணைத்துவிடுவது உத்தமம். வெளிச்சத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஒயர் இழுப்பதைவிடச் சார்ஜ் விளக்கு மேல்.

காலக்கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஓர் அறையை ஒரு வாரக்கடைசியில் முடிக்க முடியாது. மூன்று வாரக்கடைசி என்று திட்டமிட்டால் மூச்சு முட்டாது. முதல் வாரம் காலிசெய்து, சுரண்டி, விரிசலை அடைப்பது. இரண்டாவது வாரம் இரண்டு கோட் பட்டி. இரண்டாவது கோட் ஞாயிறு காலைக்குள் முடிந்தால் மறுநாள் மாலை தேய்த்துவிடலாம். பட்டியை அடுத்த சனிவரை தேய்க்காமல் விட்டால் சிமென்ட் இறுகித் தோள் கழன்றுவிடும். மூன்றாவது வாரம் பிரைமர், எமல்ஷன் இரண்டு கோட், கதவு ஜன்னல். பிரைமர் அடிக்காத பட்டிச் சுவரோடு நடுவில் நின்றுபோனால் பரவாயில்லை. எமல்ஷன் ஒரு கோட்டோடு, அதுவும் பாதிச் சுவரில் நின்றுபோனால் அந்த எல்லைக்கோடு என்றைக்கும் தெரியும். நிறுத்துவதென்றால் மூலையில் நிறுத்துங்கள்.

பட்டி பதம்

ஒயிட் சிமென்ட் பட்டிக்குக் கிலோவுக்கு 360 முதல் 400 மில்லி தண்ணீர். தண்ணீரில் பட்டியைக் கொட்டிக் கலக்க வேண்டும், பட்டியில் தண்ணீரை ஊற்றினால் அடியில் கட்டி நிற்கும். இட்லி மாவுப் பதம் வந்ததும் பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் தீர்க்க முடிகிற அளவுதான் ஒரு தடவைக்கு, பழகாத கைக்கு இரண்டு மூன்று கிலோ தாராளம். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டு மீட்டால் அது சுவரில் மாவாக உதிரும்.

பூசுமுன் வெறும் பூச்சுச் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். உலர்ந்த சுவர் பட்டியின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சிமென்ட் இறுகுவதற்கு ஈரம் இருக்காது. முதல் கோட் கீழிருந்து மேலாக, இரண்டாவது அது காய்ந்த பிறகு. இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஆழமான பள்ளத்தைப் பட்டியால் நிரப்பினால் வெடிக்கும், அதற்குச் சிமென்ட் கலவை வேண்டும். இந்த ரகப் பட்டி வெறும் சிமென்ட் பூச்சுக்குத்தான். பழைய எமல்ஷன் மேல் அடைக்க அக்ரிலிக் பட்டியே சரி, அது வீட்டுக்குள் மட்டும், ஈரம் படாத இடத்தில் மட்டும்.

தேய்க்கும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடெல்லாம் நிழல் விழுந்து தெரியும். 180-இல் தேய்த்து 320-இல் முடித்து, ஈரத்துணியால் தூசியை முழுக்கத் துடையுங்கள். தூசிமேல் அடித்த பிரைமர் தூசியில்தான் ஒட்டியிருக்கும். பிரைமர் காய்ந்ததும் இன்னொரு முறை டார்ச் பிடித்து, தப்பிய இடங்களுக்குப் பட்டி தொட்டு, தேய்த்து, அந்த இடங்களுக்கு மட்டும் மறுபடி பிரைமர். இதை விட்டால் பட்டி தொட்ட இடங்கள் எமல்ஷனை அதிகம் உறிஞ்சி மங்கல் திட்டுகளாக நிற்கும்.

அடிப்பது

கூரை, சுவர், பிறகு கதவு ஜன்னல். எமல்ஷனில் தண்ணீர் எவ்வளவு என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், டின்னில் போட்டிருப்பதை அளந்து ஊற்றுங்கள். நம் ஊர் எமல்ஷன்கள் நிறையவே தண்ணீர் ஏற்கிறவை. கெட்டியாக அடித்தால் நல்லது என்று நினைத்துத் தண்ணீரைக் குறைத்தால் ரோலர் தடம் தடமாக நிற்கும், அளவைத் தாண்டினால் மூன்றாவது கோட் வேண்டியிருக்கும்.

ஒரு சுவரின் ஓரங்களை பிரஷ்ஷால் பிடித்ததும், அது ஈரமாக இருக்கும்போதே அந்தச் சுவரை ரோலரால் முடித்துவிட வேண்டும். அறை முழுவதும் ஓரம் பிடித்துவிட்டுப் பிறகு ரோலரை எடுத்தால் படச்சட்டம் போட்டாற்போல் ஓரங்கள் தனியாகத் தெரியும். மூன்றடி அகலப் பட்டைகளாக, முந்தைய பட்டையின் ஈர விளிம்பில் ஏற்றி அடியுங்கள். அடிக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது, விளிம்பு காய்ந்து கோடு விழும். கோடையில் உச்சி வெயில் நேரமும் அப்படித்தான், காலை ஏழு முதல் பதினொன்றுக்குள் முடிப்பது நல்லது. கோட்டுக்குக் கோட் குறைந்தது நாலு மணி நேரம். கதவு எனாமலுக்கு ஓர் இரவு முழுக்க. மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத பதத்தில் இருக்கும்போதே சாய்வாக இழுத்துவிடுங்கள். நாள் கடத்தினால் வெயிலில் பசை இளகிக் கதவில் ஒட்டிக்கொள்ளும்.

ரோலர் கழுவிய தண்ணீரைச் செடிக்கும் கிணற்றடிக்கும் ஊற்றாதீர்கள். பக்கெட்டில் ஓர் இரவு வைத்தால் பெயிண்ட் அடியில் தங்கும். தெளிவை வடிகாலில் விட்டு, மண்டியைக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். மிச்சப் பெயிண்டைப் பெரிய டின்னிலேயே விட்டால் உள்ளே இருக்கும் காற்றில் ஆடை கட்டிவிடும். கழுத்துவரை நிரம்புகிற சின்ன பாட்டிலுக்கு மாற்றி, ஷேடு எண்ணையும் அறையின் பெயரையும் எழுதி நிழலில் வையுங்கள். அடித்த எமல்ஷன் தொட்டால் காய்ந்திருந்தாலும் முழுக்க இறுக மூன்று நாலு வாரம் ஆகும். அதுவரை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், பீரோவையும் கட்டிலின் தலைப்பலகையையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியே போடுங்கள்.